சாதாரண மனிதர்களிடம் புனிதத்தைப் பார்த்திருக்கிறீர்களா?

கேள்வி இது: "எல்லாரும் புனிதராக அழைக்கப்பட்டவர்கள் என்று கத்தோலிக்கர்கள் சொல்கிறார்கள். பீடத்தில் இருக்கும் சுரூபங்களை விடுங்கள், அன்றாடம் பழகும் ஆட்களில் அப்படி யாரையாவது உண்மையிலேயே பார்த்திருக்கிறீர்களா? எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?"

பார்த்திருக்கிறேன். பெயர் சொன்னால் அவர்களுக்குப் பிடிக்காது, அதனால் பெயரில்லாமல் எழுதுகிறேன்.

நான் எதை வைத்துச் சொல்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவர் திருப்பலியில் எவ்வளவு நேரம் முழங்காலில் இருக்கிறார் என்பதை வைத்து இல்லை. அவர் ஒரு வேலையில் மூழ்கியிருக்கும்போது, அவருக்கு எந்த விதத்திலும் உதவாத ஒருவர், அதுவும் கொஞ்சம் தொல்லை பிடித்த ஒருவர், நடுவில் வந்து கூப்பிட்டால் இவர் என்ன செய்கிறார் என்பதை வைத்துத்தான். செபத்துக்கு நாம் மனதைத் தயார்செய்துகொண்டு போகலாம், இடைஞ்சலுக்கு அப்படி யாராலும் தயாராக முடியாது. உள்ளே என்ன இருக்கிறதோ அதுதான் அந்த நொடியில் வெளியே வரும்.

நற்செய்தியைத் திறந்தாலும் இதுதான் இருக்கிறது. தொழுகைக்கூடத் தலைவர் யாயிரின் மகள் சாகக் கிடக்கிறாள், இயேசு அவசரமாகப் போய்க்கொண்டிருக்கிறார், வழியில் பன்னிரண்டு ஆண்டுகளாக இரத்தப்போக்கால் அவதிப்பட்ட ஒரு பெண் பின்னால் வந்து ஆடையைத் தொட, அவர் நின்றுவிடுகிறார். கப்பர்நாகுமில் பேசிக்கொண்டிருக்கும்போது கூரையைப் பிரித்து ஒரு முடக்குவாதக்காரரை இறக்குகிறார்கள், பேச்சு அதோடு போச்சு. அவர் செய்த எத்தனையோ அரும்செயல்கள் யாரோ குறுக்கே வந்ததால் நடந்தவை.

புனித அல்போன்ஸ் ரொட்ரீகஸை நம்மில் பலருக்குத் தெரியாது. ஸ்பெயினில் துணி வியாபாரியாக இருந்தவர். மனைவியும் பிள்ளைகளும் ஒருவர் பின் ஒருவராக இறந்துபோனார்கள். பிறகு இயேசு சபை என்ற துறவற சபையில் சேர்ந்தார், குருவாகும் அளவுக்குப் படிப்பு இல்லாததால் அருட்சகோதரராக. மயோர்க்கா தீவில் அந்தச் சபையின் கல்லூரி வாசலில் கதவு திறப்பதுதான் அவருடைய வேலை, பல பத்தாண்டுகள் அதையே செய்தார். கதவு தட்டும் ஒவ்வொரு முறையும் "இதோ வருகிறேன், ஆண்டவரே" என்று சொல்லிக்கொண்டே போவாராம். வெளியே நிற்பது யாராகவும் இருக்கலாம், பிச்சை கேட்பவர், மாணவர், வம்புக்கு வந்தவர், யாராக இருந்தாலும் அதே பதில். அங்கே படிக்க வந்த பீட்டர் கிளேவர் என்ற இளைஞர் தன் வாழ்க்கையை என்ன செய்வது என்று கேட்டது இந்த வாயிற்காப்பாளரிடம்தான். அவர் காட்டிய வழியில் கடல் கடந்து போய் தென் அமெரிக்காவின் கார்த்தஹேனா துறைமுகத்தில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களுக்காகவே கிளேவர் வாழ்ந்து முடித்தார். இருவருக்கும் 1888இல் ஒரே நாளில் புனிதர் பட்டம் கொடுத்தார்கள்.

குழந்தை இயேசுவின் புனித தெரேசாளைப் பற்றி எல்லாருக்கும் தெரியும், ரோஜாப்பூ படத்தோடு. ஆனால் 1897 ஜூனில், சாவதற்குச் சில மாதங்களுக்கு முன், காசநோயோடு மடத்துத் தோட்டத்தில் உட்கார்ந்து அவர் எழுதிய பக்கங்களை வாசித்துப் பாருங்கள். பிறரன்பைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறார், பத்து வரி தொடர்ந்து எழுத முடியவில்லை, சகோதரிகள் மாறி மாறி வந்து பேச்சுக் கொடுக்கிறார்கள். அதையும் அந்தக் குறிப்பேட்டிலேயே எழுதிவைக்கிறார், கசப்பே இல்லாமல். பிறரன்பைப் பற்றி எழுதுவதை நிறுத்திவிட்டு அதைச் செய்ய வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான் அவருக்கு. 24 வயதில் இறந்த இந்தப் பெண்ணைத்தான் 1997இல் திருச்சபை மறைவல்லுநர், அதாவது எல்லாருக்கும் விசுவாசத்தைக் கற்றுத்தரும் ஆசிரியர், என்று அறிவித்தது.

சரி, எனக்குத் தெரிந்தவர்களுக்கு வருகிறேன். எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்த மக்களில், ஒரு பெண் இருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு நினைவு போய்விட்டது, எப்போதோ இறந்துபோன கணவரை "அப்பா வந்தாச்சா?" என்று நாள் முழுக்கக் கேட்பார். நான் அங்கே உட்கார்ந்திருந்த ஒரு மாலையில் மட்டும் எத்தனையோ முறை கேட்டார். ஒவ்வொரு முறையும் இந்த மகள் கையில் இருந்ததை வைத்துவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்த்து, அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்பதுபோல, "இன்னும் இல்லம்மா, அப்பாவைப் பத்திச் சொல்லுங்க" என்பார். உடனே அந்த அம்மா அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். பொய்யும் சொல்லவில்லை, செத்துப்போனார் என்று சொல்லி ஒவ்வொரு தடவையும் புதிதாக அழவைக்கவும் இல்லை. இந்த வழியை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அன்புதான் கண்டுபிடித்திருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

அவரிடம் போய் நீங்கள் புனிதமானவர் என்று சொல்லிப் பாருங்கள், சிரித்துவிட்டு, செபமாலை சொல்ல உட்கார்ந்தால் பாதியிலேயே தூங்கிவிடுகிறேன் என்பார். சில நாள் அம்மாவிடம் கத்திவிட்டதாகவும் அதற்காகக் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்ததாகவும் அவரே சொல்லியிருக்கிறார். இது என் மதிப்பைக் குறைக்கவில்லை, கூட்டத்தான் செய்தது. குறையே இல்லாதவர்தான் புனிதர் என்றால் இயேசுவைத் தெரியாது என்று மும்முறை மறுதலித்த பேதுருவை எங்கே வைப்பது? விழுந்த பிறகு எழுந்து மறுபடியும் அம்மாவின் நாற்காலி பக்கத்தில் போய் உட்காருகிறாரே, அந்தத் தெம்பை அவர் தன்னுடையது என்று நினைப்பதில்லை. "கேட்டால் கடவுள் கொடுக்கிறார்" என்பார். அருள் என்று மறைக்கல்வியில் படித்ததை அவர் இப்படித்தான் சொல்கிறார்.

இன்னொருவர் வேறு மாதிரி. அவர் இருக்கும் இடத்தில், அங்கே இல்லாத ஒருவரைப் பற்றி மட்டமாகப் பேச முடியாது. கண்டிக்கவெல்லாம் மாட்டார், அந்த ஆள் எப்போதோ செய்த ஒரு நல்ல காரியத்தைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். திருத்தந்தை பிரான்சிஸ் 2018இல் வெளியிட்ட புனிதம் பற்றிய திருத்தூது அறிவுரையில் தந்த உதாரணமும் கிட்டத்தட்ட இதுதான்: கடைக்குப் போன ஒரு பெண், பக்கத்து வீட்டுக்காரியோடு பேசும்போது புறணி தொடங்க, நான் யாரைப் பற்றியும் தவறாகப் பேசமாட்டேன் என்று மனதுக்குள் முடிவெடுக்கிறாள். வீட்டுக்கு வந்தால் பிள்ளை பேச வருகிறது, களைப்பாக இருந்தும் உட்கார்ந்து கேட்கிறாள். புனிதத்தின் ஒவ்வொரு படி என்று இவற்றை அவர் சொல்கிறார், நம் பக்கத்து வீட்டுப் புனிதர்கள் என்றும் அதே மடலில் எழுதுகிறார். இது அவர் புதிதாகச் சொன்னதும் இல்லை. 1964இல், உலகெங்கிலுமிருந்து ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையைப் பற்றிய ஏட்டில் ஒரு இயல் முழுவதையும் இதற்கே ஒதுக்கியது, திருமணமானவர்களும் தொழிலாளிகளும் கைம்பெண்களும் நோயாளிகளும் அவரவர் நிலையிலேயே புனிதராகலாம் என்று.

பிறகு ஏன் நம் கண்ணில் படுவதில்லை? நாசரேத்துக்காரர்களைப் பாருங்கள். கடவுளின் மகனே ஏறக்குறைய முப்பது வயதுவரை அவர்கள் தெருவில் இருந்திருக்கிறார். அவர் போதிக்கத் தொடங்கியதும் அவர்கள் கேட்டது, "இவர் தச்சர் அல்லவா?" தினமும் பார்ப்பவர்களிடம் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை என்று நாமாக முடிவு கட்டிவிடுகிறோம். செய்கிறவர்களுக்கே தெரியாது என்பதும் இருக்கிறது. மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்தில், இறுதித் தீர்ப்பின்போது, பசித்தவர்களுக்கு உணவு கொடுத்த நேர்மையாளர்கள், "ஆண்டவரே, எப்பொழுது உம்மைப் பசியுள்ளவராகக் கண்டோம்?" என்று ஆச்சரியப்பட்டுக் கேட்கிறார்கள். அது பணிவுக்காகச் சொன்ன பேச்சு இல்லை, நிஜமாகவே அவர்களுக்குத் தெரியவில்லை.

இதைக் கத்தோலிக்கர்களிடம் மட்டும்தான் பார்க்கலாமா என்றால், இல்லை. திருச்சபைக்கு வெளியேயும் தூய ஆவியார் செயல்படுகிறார் என்பது நம் போதனைதான்.

ஒன்று மட்டும் எனக்குக் கோபம் வரும் விஷயம், அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மகளிடம் வந்து "நீ ஒரு புனிதைம்மா" என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் நிறைய, அவருடைய கூடப்பிறந்தவர்களும் அதில் உண்டு. பட்டம் கொடுத்துவிட்டால் சுமையையும் அவரிடமே விட்டுவிடலாம் என்றாகிவிடுகிறது. புனிதத்தைப் பார்த்தவர் பாராட்டிவிட்டு நகர முடியாது, பாரத்தில் ஒரு பக்கத்தைப் பிடிக்க வேண்டும். அதனால், உங்கள் பங்கில் இப்படி ஒருவரைக் கண்டுபிடித்தால், அவர் நிம்மதியாகத் திருப்பலிக்குப் போய்வரும்வரை அவர் வீட்டில் போய் உட்காரலாமா என்று கேளுங்கள். பரவாயில்லை, வேண்டாம் என்றுதான் முதலில் சொல்வார். அடுத்த வாரமும் கேளுங்கள்.