ராம்சாரில் யார் இருக்கிறார்கள்?

அன்புள்ள ஐயா,

மேடவாக்கத்தில் இருக்கிறேன். வேலைக்குப் போகும் பஸ் தினமும் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டித்தான் போகிறது. 2022ல் அதை ராம்சார் தளமாக, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள சதுப்புநிலமாக, அறிவித்ததிலிருந்து அந்தப் பெயர் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. யாரோ விஞ்ஞானியின் பெயர் என்று நினைத்திருந்தேன். ஈரானில் காஸ்பியன் கடலோரம் உள்ள ஒரு சின்ன ஊர் என்று இப்போதுதான் தெரிந்தது. மேலும் தேடினால், மனிதர்கள் வாழும் இடங்களில் இயற்கைக் கதிரியக்கம் மிக அதிகமாக உள்ள ஊர் என்று வருகிறது. வேலை விஷயமாகத் தெஹ்ரான் போகும் நண்பர் அங்கே ஒரு எட்டு போய் வரலாமா என்று கேட்டார். உயிரோடு விளையாடாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். சரிதானே? அப்படிப்பட்ட இடத்தில் யார்தான் இருக்கிறார்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நிலவரம் அமைதியாக இருக்கும் நாளில் நண்பரைத் தாராளமாகப் போகச் சொல்லுங்கள். இரண்டு நாள் தங்கிவிட்டுத் திரும்புகிறவரைக் கதிரியக்கம் ஒன்றும் செய்துவிடாது. அவரைச் சோதிக்கப்போவது சாலுஸ் மலைச்சாலைதான். விடுமுறை என்றால் பாதித் தெஹ்ரான் வண்டியைக் கிளப்பிக்கொண்டு காஸ்பியன் கரைக்கு வந்துவிடும். கூட்டம் தாங்காமல் போலீஸார் அந்தச் சாலையையே சில மணி நேரம் ஒருவழியாக்கிவிடுவார்கள்.

கதிரியக்க விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். ஊர் முழுக்க அது அதிகம் இல்லை. வெந்நீர் ஊற்றுகள் உள்ள தலேஷ் மஹல்லே போன்ற சில பகுதிகளில்தான் அதிகம். பாறையில் இருக்கும் ரேடியம் என்ற கதிரியக்கத் தனிமத்தை நிலத்தடி நீர் கரைத்து மேலே கொண்டுவருகிறது. ஊற்று வாயில் அது சுண்ணாம்புக்கல்லோடு சேர்ந்து படிந்துவிடுகிறது. அந்தக் கல் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறதே என்று அதை வைத்தே வீடும் கட்டியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட சில வீடுகளில் ஆண்டுக்கு 260 மில்லிசீவர்ட் (உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரை கணக்கிட்டிருக்கிறார்கள். உலகச் சராசரி 2.4. அணு உலையில் வேலை செய்கிறவருக்கே சராசரியாக ஆண்டுக்கு 20தான் வரம்பு. தலைப்புச் செய்திக்கு இது போதும். ஆனால் இதுவரை வந்த ஆய்வுகள் எதுவும் அங்கே புற்றுநோய் கூடுதல் என்று தெளிவாக நிறுவவில்லை. அதிகக் கதிரியக்கப் பகுதியில் இருப்பவர்கள் சுமார் 2,000 பேர்தான் என்பதால், பாதிப்பே இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியாது. அந்த ஊற்று நீரில்தான் மூட்டுவலிக்காரர்கள் காசு கொடுத்துக் குளிக்கிறார்கள். அப்புறம், நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் கதிரியக்கமுள்ள தோரியம் இருக்கிறது. அங்கே யார்தான் இருக்கிறார்கள் என்று நாம் கேட்பதில்லை.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். ராம்சாரில் சுமார் 35 ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வீட்டில் கிலகி என்ற காஸ்பியன் கரை மொழி பேசுகிறார்கள். நெல், ஆரஞ்சு, கிவி, தேயிலை எல்லாம் விளைகிறது. (ஈரானின் வடக்கில் தேயிலையைப் பரப்பியவர் காஷெஃப் அல்-சல்தனே. இந்தியாவில் தூதராக இருந்தவர், 1900 வாக்கில் காங்க்ராவிலிருந்து கன்றுகளைக் கொண்டுபோய் லாஹிஜானில் நட்டார்.) நம் மனதில் ஈரான் என்றால் பாலைவனம். இங்கேயோ எல்போர்ஸ் மலை காட்டோடு இறங்கி வந்து கடலருகே நிற்கிறது, நல்ல மழை. காஸ்பியனின் நீர்மட்டம் உலகக் கடல்மட்டத்துக்குச் சுமார் 29 மீட்டர் கீழே இருப்பதால் ஊரின் கரையோரப் பகுதியும் கடல்மட்டத்துக்குக் கீழேதான்.

இதை உல்லாச ஊராக்கியவர் அப்போதைய ஈரான் மன்னர் ரெஸா ஷா. அவர் ராம்சார் இருக்கும் மாஸந்தரான் மாகாணத்திலேயே, அலாஷ்த் என்ற மலைக்கிராமத்தில் பிறந்தவர். பிறந்த மண் மீது பாசமோ, நில ஆசையோ, காஸ்பியன் கரையின் நல்ல நிலங்களில் பெரும்பங்கு அவர் பெயருக்கு மாறியது. எனக்கென்னவோ இரண்டாவதுதான் என்று படுகிறது. சக்த்சர் என்றிருந்த ஊர் 1930களில் ராம்சார் ஆனது. மலையடிவாரத்தில் ஐரோப்பிய பாணியில் ஓர் ஓட்டல், அங்கிருந்து கடலை நோக்கி இறங்கும் அகலமான சாலை, 1937ல் ஒரு பளிங்கு மாளிகை என்று வரிசையாக எழுந்தன. மகன் காலத்தில் சூதாட்ட விடுதியும் வந்தது. 1979 புரட்சிக்குப் பிறகு சூதாட்டம் போயிற்று, மாளிகை அருங்காட்சியகமாயிற்று, பெண்கள் கடலில் குளிக்கும் இடத்தைச் சுற்றித் திரை ஏறியது. அந்தச் சாலையை மட்டும் ஜனங்கள் இன்னமும் காஸினோ சாலை என்றுதான் சொல்கிறார்கள்.

சதுப்புநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் ஒப்பந்தத்தின் கதை சுருக்கமானது. 1971 பிப்ரவரியில் 18 நாடுகளின் பிரதிநிதிகள் இங்கே கூடிக் கையெழுத்திட்டார்கள். கூட்டத்தை இங்கே நடத்தியவர் ஈரானின் வேட்டை, மீன்வளத் துறைத் தலைவர் எஸ்கந்தர் ஃபிரூஸ். புரட்சிக்குப் பிறகு அவர் சிறைக்குப் போனார். பறவை பார்க்க வேண்டுமென்றால் நண்பர் மேற்கே அன்ஸலி காயலுக்குத்தான் போக வேண்டும். 1975லேயே ராம்சார் தளங்களின் பட்டியலில் சேர்ந்தது அது. இப்போது வண்டலும் கழிவும் சேர்ந்து சுருங்கிக்கொண்டிருக்கிறது. பட்டியலில் இடம்பிடித்தாலே பிழைத்துவிடும் என்று நம்புகிற நம் ஊர்க்காரர்கள் அதை ஒருமுறை பார்ப்பது நல்லது.

ராம்சார்க்காரர்களின் அன்றாடக் கவலை ஒப்பந்தமும் இல்லை, ரேடியமும் இல்லை. அறை நிரம்புமா என்பதுதான். மார்ச் கடைசியில் வரும் நவ்ரூஸ் என்ற பாரசீகப் புத்தாண்டு விடுமுறையிலும் கோடையிலும் ‘வில்லா, அறை’ என்று எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு சாலையோரம் நிற்பார்கள். வண்டி வேகம் குறைந்தால் ஜன்னலருகே வந்து பேரம் தொடங்கும். வீட்டில் ஒரு பகுதியை ஒதுக்கிக் கொடுத்துவிட்டு ஒரு மாதம் நெருக்கியடித்து இருந்துகொள்ளும் குடும்பங்களும் உண்டு. வருமானத்தில் பெரிய பங்கு அதுதான். ஆனால் வருகிறவர்களில் வசதியானவர்களுக்கு வாடகை அறை போதவில்லை. சொந்த வில்லா வேண்டும். நெல்வயலும் ஆரஞ்சுத் தோப்பும் மனைகளாகின்றன. விற்கிறவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு தலைமுறை பாடுபட்டு வயலில் காணாத பணத்தை ஒரே கையெழுத்தில் காண்கிறார். அவருடைய பிள்ளை பிறகு அதே மனையில் எழும் வில்லாவுக்குக் காவலுக்கு இருக்கலாம்.

சரி, ஊரெல்லாம் வெளியூர்க்காரர்கள் என்றால் உள்ளூர்க்காரர்கள் கோடையில் எங்கே போவார்கள்? மலைக்கு. ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் ஜவாஹெர்தே என்றொரு கிராமம் இருக்கிறது. கீழே புழுக்கம் தொடங்கியதும் பாட்டி, பேரன், மாடு சகிதம் மேலே ஏறுவது பழைய வழக்கம். தகரக் கூரை வீடுகள், சந்தில் உலாத்தும் பசுக்கள், காலையில் எட்டிப் பார்த்தால் கீழே மேகம்.

நண்பர் நவ்ரூஸைத் தவிர்த்து ஏப்ரல் கடைசியில் போகட்டும். நாரத்தை பூக்கும் காலம். சாப்பாட்டில் மிர்ஸா காஸெமி கேட்கச் சொல்லுங்கள். கத்தரிக்காயைத் தணலில் சுட்டுத் தோலுரித்து, பூண்டை வஞ்சனையில்லாமல் போட்டு, தக்காளியோடு வதக்கி, முட்டை உடைத்து ஊற்றிக் கிளறுவார்கள். சிதம்பரம் கொத்சுவில் முட்டை விழுந்த மாதிரி இருக்கும். சோற்றோடு சாப்பிடலாம். ஜவாஹெர்தே போனால் ஸ்வெட்டர் வேண்டும், கீழே எவ்வளவு வேர்த்தாலும்.