ஏழு வயதுப் பிள்ளைக்கு, 'அடுத்து என்ன?' என்பதை வாசிப்பவரே முடிவு செய்யும் கதைப் புத்தகம் வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் அட்டையில் போட்டிருக்கும் வயதை அப்படியே நம்ப வேண்டாம். 'கதவைத் திறந்தால் 34-ஆம் பக்கம், ஓடிவிட்டால் 51' என்று வரும். 51-ஐத் தேடிப் புரட்டுவதற்குள் எதற்கு ஓடினோம் என்பதே மறந்துவிடுகிறதா? அப்படியானால் நீங்கள் வாசியுங்கள், முடிவை மட்டும் பிள்ளை எடுக்கட்டும்.

பலர் கோட்டைவிடுவது கதை முடியும் பக்கங்களில்தான். 1979-இல் தொடங்கிய 'சூஸ் யுவர் ஓன் அட்வென்ச்சர்' என்ற இவ்வகை ஆங்கிலப் புத்தக வரிசையில் கதை 'நீ' என்றே பேசும். சில பாதைகள் திடீரென்று சாவில் போய் நிற்கும். ஒரு பிள்ளை சிரித்துவிட்டு முந்தைய பக்கத்துக்குத் திரும்பும், இன்னொன்று அன்றிரவு தூங்காது. விளையாட்டில் தோற்றால் உங்கள் பிள்ளை என்ன செய்யும்? அதுவே நல்ல அளவுகோல். வாங்குமுன் நாலைந்து முடிவுகளை நீங்களே புரட்டிப் பார்த்துவிடுங்கள். அதே வரிசையில் சின்னவர்களுக்கென்று 'டிராகன்லார்க்' புத்தகங்களும் உண்டு.

பகடை உருட்டி, பென்சிலால் புள்ளி குறிக்கும் ரகம் கூட்டல் கழித்தல் கைவந்த பிறகு போதும்.

பழைய பக்கத்தில் விரலைச் செருகிக்கொண்டு அடுத்ததை எட்டிப் பார்த்தால் தடுக்காதீர்கள். நான் இன்றைக்கும் அப்படித்தான் வாசிக்கிறேன்.