அரைவை ஆலைக்கு டி.சி.எஸ். தேவையா?

வணக்கம் ஐயா. ராணிப்பேட்டை அருகே அமையவிருக்கும் உங்கள் சிமெண்ட் அரைவை ஆலைக்கு ஆலை முழுவதையும் ஒரே அமைப்பாகக் கட்டுப்படுத்தும் டி.சி.எஸ். வாங்குவதா, இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பி.எல்.சி.யும் அதைத் திரையில் கண்காணிக்க உதவும் ஸ்காடா மென்பொருளும் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். சூளையில் சுட்டெடுத்த சிமெண்ட் கட்டிகளான கிளிங்கரை வெளியிலிருந்து தருவித்து, ஜிப்சம் சேர்த்து, எஃகுக் குண்டுகள் உருளும் ஒரே மில்லில் அரைப்பதுதான் உங்கள் வேலை என்பதால் பி.எல்.சி. போதும் என்பதே என் கருத்து. சுமார் 1450 டிகிரி செல்சியஸில் கிளிங்கர் உருவாகும் சூளையும், முன்சூடாக்கியும், குளிர்விப்பானும் ஒன்றையொன்று பாதித்துக்கொண்டே ஓடும் முழு ஆலையில்தான் டி.சி.எஸ். தன் விலைக்கேற்ற பயனைத் தரும். விற்க வருபவர் இதை எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்.

விலைப்புள்ளி கேட்கும் முன் இன்டர்லாக் பட்டியலை, அதாவது எது ஓடினால்தான் எது ஓடலாம் என்ற பாதுகாப்பு நிபந்தனைகளை, எழுதிவிடுங்கள். பேரிங்குகளுக்கு எண்ணெய் அழுத்தம் வராமல் மில் மோட்டார் ஓடத் தொடங்கக் கூடாது. அரைத்த தூளை மேலே தூக்கும் பக்கெட் எலிவேட்டர் நின்றால் மில்லும், பொருள்களை எடைபோட்டு அதற்குள் அனுப்பும் வெயிங் ஃபீடர்களும் உடனே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் எலிவேட்டரின் அடிப்பகுதியில் தூள் அடைத்து, ஆட்கள் மண்வெட்டியோடு அள்ள வேண்டிவரும். எலிவேட்டர் மோட்டாரின் ஆம்பியர் ஏறும்போது ஃபீடைக் குறைக்கும் கட்டுப்பாட்டை நல்ல பி.எல்.சி. எதுவும் செய்யும். வேலூர்ப் பக்கத்து வெயிலுக்குப் பேனல் அறையில் ஏ.சி. கட்டாயம். புரோகிராமின் மூலப் பிரதியும் கடவுச்சொல்லும் கைக்கு வராமல் கடைசித் தவணையைக் கொடுத்துவிடாதீர்கள்.