பாட்டுக்கு உரியவர் யார்? – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில் வசிக்கிறேன். எஸ்.டி.பி.எம். என்னும் பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வை முடித்துக் கல்லூரி இடத்திற்காகக் காத்திருக்கிறேன். எனக்குப் பாட வராது. ஆனால் எங்கள் உருமி மேளக் குழுவின் பாடல்களை யாரோ தங்கள் பெயரில் யூடியூபில் ஏற்றியிருப்பதைக் கண்டதிலிருந்து இசைப் பதிப்புத் துறையில் பணியாற்ற விரும்புகிறேன். அதற்கு இசைப் பட்டம் வேண்டுமா? வீட்டில் கணக்கியல் படிக்கச் சொல்கிறார்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

வீட்டார் சொல்வது சரி. கணக்கியலோ சட்டமோ படியுங்கள். ஒரு பாடலின் வரிகளுக்கும் மெட்டுக்கும் உரியவர் யார் என்பதை எழுத்தில் உறுதிசெய்து, அது வானொலியிலும் விளம்பரத்திலும் இணையத்திலும் ஒலிக்கும்போது சேரவேண்டிய தொகையைக் கேட்டு வாங்கி, பங்கு பிரித்து உரியவர் கையில் சேர்ப்பதே இசைப் பதிப்பாளரின் வேலை. அந்தத் தொகை பல இடங்களிலிருந்து சிறுகச் சிறுக வரும். கணக்கறிக்கையில் விடுபட்ட ஒரு வரியைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவரை எந்தப் பாடலாசிரியரும் கைவிட மாட்டார். இசைக்குறிப்பு வாசிக்க மட்டும் தனியே கற்றுக்கொள்ளுங்கள், இரண்டு மெட்டுகள் ஒன்றா வேறா என்ற தகராறில் அது கைகொடுக்கும்.

வரியும் மெட்டும் ஓர் உரிமை, ஒலிப்பதிவு வேறோர் உரிமை. இந்த வேறுபாடு புரியாமல் போடப்படும் ஒப்பந்தங்களே நம் கலைஞர்களை அதிகம் ஏமாற்றுகின்றன. மலேசியாவில் பாடலாசிரியர், இசையமைப்பாளர், பதிப்பாளர் ஆகியோருக்கான நிகழ்த்துரிமைத் தொகையை, அதாவது பாடல் பொதுவில் ஒலிப்பதற்கான தொகையை, 1989இல் தொடங்கப்பட்ட எம்.ஏ.சி.பி. என்னும் அமைப்பு வசூலித்து வழங்குகிறது.

1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தை மூலத்திலேயே படியுங்கள். எடுத்துக்காட்டாக, கர்நாடக இசைப் பாடலாசிரியர் பாபநாசம் சிவன் 1973இல் மறைந்தார். படைப்பாளி மறைந்தபின் 50 ஆண்டுகள் உரிமை நீடிக்கும் என்பது மலேசியச் சட்டம். ஆகவே அவர் வாழ்நாளில் வெளிவந்த பாடல்களின் உரிமைக்காலம் இங்கே 2023 இறுதியில் முடிந்தது. இந்தியாவில் 60 ஆண்டுகள் என்பதால் அங்கே 2033 இறுதிவரை நீடிக்கும். ஈப்போவில் பாடிப் பதிவுசெய்து சென்னையில் வெளியிட நினைப்பவருக்கு இதை எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டாமா?

கல்லூரி நாள்களில் உங்கள் உருமிக் குழுவையே பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாடலுக்கும் ஒரு தாள் போதும்: வரிகள் எழுதியவர், மெட்டமைத்தவர், யாருக்கு எத்தனை விழுக்காடு, பதிவான நாள், எல்லாருடைய கையொப்பம். வழிவழியாக வரும் அம்மன் தாலாட்டு மெட்டில் புதிய வரிகள் எழுதியிருந்தால், மெட்டை யாரும் தமதென்று எழுதக்கூடாது. வரிகள் மட்டுமே எழுதியவருக்கு உரியவை. அண்ணன் தம்பிக்குள் கையெழுத்து எதற்கு என்று முகம் சுளிப்பார்கள். பணம் வராத இப்போதே பேசுவதுதான் எளிது என்று பணிவாகச் சொல்லுங்கள். பணம் வந்தபின் உறவு முறிந்த குழுக்கள் நம்மிடையே உண்டு.

தாள்கள் தயாரானதும், மலேசிய அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவில் பாடல்களைத் தன்விருப்ப அறிவிப்பாகப் பதியலாம். உரிமை பிறப்பதற்கு அது கட்டாயமில்லை. ஆனால் தகராறில் சான்றாக நிற்கும். யூடியூபில் அகற்றக் கோருவதை உரிமையாளரோ அவருடைய ஒப்புதல் பெற்றவரோதான் செய்யமுடியும். ஆகவே வரிகளை எழுதியவரிடம் முதலில் ஒப்புதல் கடிதம் வாங்குங்கள், பிறகு புகாரை நீங்களே அனுப்பலாம்.