9,000 ரூபாய் எலக்ட்ரிக் கிட்டாரில் பிக்கப்பும் பிரிட்ஜும் மாற்றினால் பலன் உண்டா, இல்லை புது கிட்டாரே வாங்கிவிடலாமா?

பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்னோட்டமாக்கும் பாகம்) மாற்றினால் சத்தம் மாறும், சந்தேகமே இல்லை. ஆனால் நீங்கள் சொல்லியிருக்கும் இரண்டு குறைகளுமே பிக்கப்பால் வந்தவையாகத் தெரியவில்லை. "ரெண்டு பாட்டு முடியுறதுக்குள்ள சுருதி இறங்கிடுது, ஆம்ப்பில் போட்டா ஒரே இரைச்சல்" என்று எழுதியிருக்கிறீர்கள். சுருதி இறங்குவது கம்பி தொடுகிற இடங்களின் கோளாறு. இரைச்சல் பெரும்பாலும் எர்த் கோளாறு. அதனால் பிக்கப்புக்கு வைத்திருக்கும் பணத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள்.

நான் இதைத் தலைகீழாகச் செய்து பணத்தை விட்டவன். பாளையங்கோட்டையில் எங்கள் கோயில் பாடகர் குழுவில் வாசிப்பதற்காக 8,500 ரூபாய்க்கு ஸ்ட்ராட் வடிவக் கிட்டார் ஒன்று வாங்கினேன். 1954-இல் பெண்டர் நிறுவனம் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டரின் அச்சில் வந்ததுதான் அதுவும்: மூன்று சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப், ஆறு ஸ்க்ரூ போட்ட ட்ரெமொலோ பிரிட்ஜ், அதாவது கம்பிகளைத் தாங்கி, கைப்பிடியால் அசைக்கக்கூடிய பாகம். முதல் வருஷம் கிறிஸ்துமஸ் கீத ஆராதனையில் மூன்றாவது பாட்டிலேயே ஜி கம்பி இறங்கிவிட்டது. முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. அந்த வருத்தத்தில் ட்யூஷன் பணத்தைச் சேர்த்து 3,800 ரூபாய்க்கு ஒரு பிக்கப் செட் வரவழைத்து, ராத்திரியோடு ராத்திரியாக மாற்றினேன். சத்தம் கொஞ்சம் தெளிவானது. இரைச்சல் அப்படியே இருந்தது, சுருதியும் அப்படியே இறங்கியது.

அப்புறம் திருநெல்வேலி டவுணில் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் பார்க்கும் ஒரு அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். அவர் கிட்டாரே வாசிக்கத் தெரியாதவர். மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கம்பியிலும் இன்னொன்றை ஜாக்கின் வெளி உலோகத்திலும் வைத்தார். மீட்டர் கத்தவில்லை. "பிக்கப்ல ஒண்ணும் இல்ல தம்பி. எர்த்து வயரு பிரிட்ஜுக்குப் போய்ச் சேரவே இல்ல, பாத்துக்கிடுங்க" என்றார். பின்பக்க மூடியைக் கழற்றினால், ஸ்பிரிங்குகளை இழுத்துப் பிடிக்கும் தகட்டில் ஒரு கறுப்பு வயர் ஒட்டியிருக்கும். என் கிட்டாரில் அந்த இடத்தில் சால்டர் பிடிக்காமல் உருண்டு நின்றிருந்தது. அவர் தகட்டை உப்புத்தாளால் தேய்த்து, 60 வாட் அயர்னை வைத்து நன்றாகச் சூடேற்றி ஒட்டினார். 50 ரூபாய்தான் வாங்கினார்.

உங்கள் கிட்டாரில் முதலில் இதைப் பாருங்கள். ஆம்ப்பில் போட்டு, கையை எடுத்துவிட்டுக் கேளுங்கள். பிறகு கம்பியைத் தொடுங்கள். தொட்டதும் இரைச்சல் குறைந்தால் எர்த் வேலை செய்கிறது. எந்த மாற்றமும் இல்லையென்றால் அந்த கறுப்பு வயரைத்தான் தேட வேண்டும். தொட்டால் இரைச்சல் கூடுகிறது என்றால் ஜாக்கில் இரண்டு வயரும் இடம் மாறியிருக்கலாம். இத்தனைக்கும் பிறகு மிஞ்சும் மெல்லிய ரீங்காரம் சிங்கிள் காயிலின் இயல்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதைச் சுருள் ஆன்டெனா போலப் பிடித்துவிடுகிறது. பழைய ட்யூப்லைட் சோக், ஃபேன் ரெகுலேட்டர் இவற்றை விட்டு நாலடி தள்ளி நின்றாலே வித்தியாசம் தெரியும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். கம்பியில் கை வைத்தபடி மைக்கில் உதடு பட்டதும் சுள்ளென்று அடித்தால், வாசிப்பதை அங்கேயே நிறுத்துங்கள். எர்த் வயர் வழியாகக் கம்பிகள் ஆம்ப்பின் உலோகப் பெட்டியோடு இணைந்திருக்கின்றன. ஆம்ப்பிலோ, மைக் செட்டிலோ, கட்டடத்து வயரிங்கிலோ எர்த் சரியில்லை என்றால் அது உங்கள் உடல் வழியாகத்தான் வழி தேடும். பிளக்கின் மூன்றாவது பின்னை முறித்துப்போட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகும் பழக்கம் நம் ஊர்ப் பண்டிகைகளில் அதிகம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், மற்றவர்களையும் செய்யவிடாதீர்கள்.

சரி, சுருதிக்கு வருவோம். வாங்கியது முதல் அதே கம்பிகள்தான் கிடக்கிறது என்றால் முதலில் மாற்றுங்கள். நம் வெயிலில், வியர்வைக் கையோடு வாசித்தால் ஸ்டீல் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் துடைத்து வைத்தால் இரட்டிப்பு நாள் வரும். புதுக் கம்பி போட்டதும் ஒவ்வொன்றையும் மெல்ல மேலே இழுத்து இழுத்துச் சுருதி சேர்க்க வேண்டும். இழுவை அடங்கும்வரை அது இறங்கிக்கொண்டேதான் இருக்கும்.

அடுத்தது நட். கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் காடியில் உட்காரும் அந்தச் சின்ன வெள்ளைத் துண்டுதான். மலிவான கிட்டார்களில் பெரும்பாலான சுருதித் தொல்லை இங்கேதான் பிறக்கிறது என்பது என் அனுபவம். கம்பியை முறுக்கும் கீயைத் திருகும்போது "டிங்" என்று ஒரு சத்தம் வந்து சுருதி திடீரென்று தாவினால், கம்பி காடியில் இறுகி நிற்கிறது என்று பொருள். கம்பியைத் தளர்த்தி, காடிக்குள் பென்சில் முனையைத் தேயுங்கள். கிராஃபைட் வழுக்கிவிடும். அதற்கும் அடங்கவில்லை என்றால் காடியைக் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டும். அதற்கென்று விற்கும் அரங்கள் விலை அதிகம். நான் வாங்கியது கேஸ் வெல்டிங் நாசில் சுத்தம் செய்யும் ஊசிக் கட்டு, ஹார்டுவேர் கடையில் கிடைத்தது. அகலத்தைத்தான் கூட்ட வேண்டும், ஆழத்தை அல்ல. கம்பியை மூன்றாவது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) அழுத்திப் பிடித்துக்கொண்டு முதல் ஃப்ரெட்டின் மேல் பாருங்கள். ஒரு தாள் அளவு இடைவெளி இருந்தால் ஆழம் சரி. அதற்குமேல் தோண்டினால் கம்பி ஃப்ரெட்டில் உரசிக் கரகரக்கும், பிறகு புது நட்தான்.

எனக்குப் புது நட்டே தேவைப்பட்டது, அதனால் எலும்பு நட் வாங்கினேன். நீளம் 42 மில்லிமீட்டரா 43-ஆ, அடிப்பக்கம் தட்டையா வளைவா என்று பார்த்து வாங்குங்கள். கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாள் ஒட்டி, ஒரு ஞாயிறு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து தேய்த்தேன். எலும்புத் தூள் மூக்கில் ஏறக்கூடாது, துணி கட்டிக்கொள்ளுங்கள். இந்தக் கிட்டாரில் நான் செலவழித்த நேரத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த மத்தியானம்தான்.

பிரிட்ஜ் விஷயத்தில் ஒரு கேள்வி: ட்ரெமொலோ கைப்பிடியை நீங்கள் உண்மையிலேயே பயன்படுத்துகிறீர்களா? பாடகர் குழுவில் கார்டு (பல கம்பிகளைச் சேர்த்து மீட்டும் சுரக்கூட்டு) வாசிப்பவருக்கு அது தேவைப்படுவதில்லை. பின்பக்கத் தகட்டின் இரண்டு ஸ்க்ரூவையும் இறுக்கி, பிரிட்ஜ் கிட்டார் உடம்போடு ஒட்டிப் படுக்கும்படி செய்துவிடுங்கள். காசு செலவில்லாமல் சுருதித் தொல்லை பாதி தீர்ந்துவிடும். நடுப்பாட்டில் ஒரு கம்பி அறுந்தாலும் மற்றவை கலையாது.

பிரிட்ஜை மாற்றியே தீர வேண்டும் என்றால் ஆர்டர் போடுவதற்கு முன் அளந்துகொள்ளுங்கள். முதல் ஸ்க்ரூவின் மையத்திலிருந்து ஆறாவது ஸ்க்ரூவின் மையம்வரை 52.5, 54, 56 மில்லிமீட்டர் என்று பல அளவுகள் உண்டு. உடம்பின் தடிமனையும் அளக்க வேண்டும். மலிவுக் கிட்டார்களில் உடம்பு மெலிந்திருந்தால் பிரிட்ஜின் அடியில் இருக்கும் முழு நீள ஸ்டீல் பிளாக் பின்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். நான் அளக்காமல் 56 அளவில் வாங்கிவிட்டேன், என் கிட்டாரோ 52.5. திருப்பி அனுப்பவும் வழியில்லை. அம்பாசமுத்திரத்தில் மரச் சொப்புச் சாமான் கடைந்து செய்யும் பட்டறை ஒன்றில் போய் நின்றேன். கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கெட்டியான மரத்தில் ஆறு சின்னக் குச்சிகளை அளவாகக் கடைந்து தந்தார் அந்தக் கடைசல்காரர். பழைய துளைகளில் வுட் கம் வைத்து அவற்றை அடித்து இறக்கி, மறுநாள் புதிதாகத் துளையிட்டேன். இன்றுவரை அசையவில்லை. அந்தக் கைகளுக்கு நான் பட்ட கடன் பெரிது.

கீ மாற்றுவது எளிது. துளை விட்டத்தையும் பின்பக்க ஸ்க்ரூ இடத்தையும் மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தாத ஸ்க்ரூ துளையைத் தீக்குச்சியும் வுட் கம்மும் வைத்து அடைக்கலாம். பழைய கீ ஆடாமல் இருந்தால் மாற்றவே வேண்டாம்.

இவ்வளவும் முடிந்து, சத்தம் இன்னும் மனசுக்குப் பிடிக்கவில்லை என்றால் அப்போது பிக்கப். நெல்லையப்பர் கோயில் இசைத்தூணைத் தட்டினால் கல்லே பாடும். எலக்ட்ரிக் கிட்டாரில் பாடுவது கம்பி. காந்தப் புலத்துக்குள் ஸ்டீல் கம்பி அதிர, சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. மலிவுப் பிக்கப்பைத் திருப்பிப் பார்த்தால் அடியில் கறுப்பாக செராமிக் காந்தக் கட்டை ஒட்டியிருக்கும். மேலே தெரியும் ஆறு முளையும் வெறும் இரும்பு. விலை கூடியவற்றில் அந்த முளைகளே ஆல்நிகோ என்ற உலோகக் கலவைக் காந்தம். சத்தம் கொஞ்சம் கனிவாக இருக்கும், விரல் அழுத்தத்துக்கு ஏற்ப மாறும். செராமிக் மட்டம் என்று சொல்ல மாட்டேன், சத்தத்தை வேண்டுமென்றே கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனுக்கு அது நன்றாகவே பேசும். மாற்றும் முன் உயரத்தை ஒருமுறை சரிசெய்து பாருங்கள். கடைசி ஃப்ரெட்டில் அழுத்தியபடி, மெல்லிய கம்பிக்கும் முளைக்கும் நடுவே 2 மில்லிமீட்டர், தடித்த கம்பிக்கு 2.4. சிலருக்கு இதுவே போதுமாக இருக்கும்.

சிங்கிள் காயிலுக்கு 250கே (250 கிலோ ஓம்) வால்யூம் கண்ட்ரோல், இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கருக்கு 500கே. உதிரிபாகக் கடையில் 250 இல்லையென்று 220 கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், காதுக்கு வித்தியாசம் தெரியாது. டோன் கண்டென்சருக்கு 473 என்று அச்சிட்ட சாதாரண பாலியஸ்டரே போதும். இதற்கு நூற்றுக்கணக்கில் கொடுக்காதீர்கள். ஒரு பிக்கப்பை மட்டும் மாற்றும்போது, பழையதோடு சேர்த்து வாசிக்கையில் சத்தம் ஒல்லியாக, மூக்கால் பாடுவது போல வந்தால் இரண்டும் எதிரெதிர் ஃபேஸில், அதாவது ஒன்றை ஒன்று அழிக்கும்படி இருக்கின்றன. புதியதன் இரண்டு வயரையும் இடம் மாற்றி ஒட்டினால் சரியாகும்.

ரீங்காரமே கூடாது என்பவர்களுக்கு ஹம்பக்கர்தான். 1955-இல் கிப்சனில் சேத் லவர் செய்த வேலை அது. இரண்டு சுருள்களை எதிரெதிராக வைத்து இரைச்சல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்படி அமைத்தார். சிங்கிள் காயில் அளவிலேயே ஹம்பக்கர் கிடைக்கிறது, மரத்தை வெட்ட வேண்டியதில்லை.

புது கிட்டாரா என்ற கேள்விக்குக் கழுத்துதான் பதில் சொல்ல வேண்டும். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்தி, ஏழாவது ஃப்ரெட் பக்கம் இடைவெளியைப் பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இருந்தால் நல்லது. கூடினாலும் குறைந்தாலும் கழுத்துக்குள் இருக்கும் இரும்புத் தண்டான ட்ரஸ் ராடைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருகிப் பார்க்கலாம். அதற்கும் நேராகாமல் கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தால் அதில் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். கழுத்து நன்றாக இருந்தால் இது வாழ்நாள் முழுக்க வரும். அக்னி நட்சத்திர நாட்களில் தகரக் கூரைக்கு அடியிலோ காருக்குள்ளோ மட்டும் வைத்துவிடாதீர்கள்.

கம்பி மாற்றி, எர்த் பார்த்து, நட்டையும் பென்சிலால் தேய்த்துவிட்டு, என்ன மாறியது என்று கீழே எழுதுங்கள். காடியை அகலப்படுத்தத் தயக்கமாக இருந்தால் பாளையங்கோட்டைப் பக்கம் வரும்போது கிட்டாரைக் கையோடு கொண்டு வாருங்கள், ஊசிக் கட்டு என்னிடம் இருக்கிறது.