ஒரு வரியைத்தான் மாற்றினேன், ஃபைலே மாறிவிட்டதாம்!

கேள்வி: நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து மாங்காய் மண்டிக் கணக்குக்கு ஒரு சாஃப்ட்வேர் எழுதுகிறோம். இரண்டு பேரிடம் விண்டோஸ், ஓசூரில் வேலை பார்க்கும் நண்பனிடம் உபுண்டு (ஒருவகை லினக்ஸ்). கமிஷன் கணக்கில் ஒரே ஒரு வரியைத் திருத்தினாலும் ஃபைல் முழுக்க மாறியதாக கிட் (யார் எதை மாற்றினார்கள் என்று கணக்கு வைக்கும் சாஃப்ட்வேர்) காட்டுகிறது. பேக்கப் ஸ்கிரிப்டும் சர்வரில் 'பேட் இன்டர்பிரெட்டர்' என்று நின்றுவிடுகிறது. யார் மேல் தப்பு சார்?
- வாசகர், காவேரிப்பட்டினம்

பதில்: யார் மேலும் இல்லை தம்பி, முதலில் சண்டையை நிறுத்துங்கள். விண்டோஸ் ஒவ்வொரு வரி முடிவிலும் சிஆர், எல்எஃப் என்று இரண்டு பைட் வைக்கும் (13, 10), லினக்ஸ் எல்எஃப் மட்டும்தான். பழைய டெலிடைப் மெஷினில் அச்சுத்தலையை இடது ஓரத்துக்குக் கொண்டுவர ஒரு கட்டளை (சிஆர்), காகிதத்தை மேலே தள்ள இன்னொன்று (எல்எஃப்). அந்த மிச்சம் இன்றுவரை நம்மைப் படுத்துகிறது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கிட்டுக்கு ஒரு பைட் மாறினால் வரி மாறினதுதான். உங்களில் ஒருவருடைய எடிட்டர் சேவ் பண்ணும்போது எல்லா வரியையும் சிஆர்எல்எஃப் ஆக்குகிறது. மாற்றங்களைக் காட்டும் 'கிட் டிஃப்' கட்டளையைப் போட்டால் புது வரிகளின் கடைசியில் ^எம் என்று நிற்கும், பாருங்கள்.

ஸ்கிரிப்ட் கதையும் இதேதான். முதல் வரியில், ஸ்கிரிப்டை ஓட்டும் புரோகிராமான பேஷின் பெயரோடு அந்த சிஆரும் ஒட்டியிருக்கும், லினக்ஸ் அதையும் சேர்த்துப் படித்து அப்படியொரு புரோகிராமைத் தேடும், எங்கே கிடைக்கும்?

'ஆட்டோசிஆர்எல்எஃப்-ஐ ட்ரூ ஆக்கு' என்று பலர் சொல்வார்கள். அது வரி முடிவுகளைத் தானாக மாற்றும் கிட் செட்டிங், ஆனால் அவரவர் மெஷினில்தான் இருக்கும். நாளைக்கு ஒருவன் புது லேப்டாப் வாங்கி, கிட் இன்ஸ்டால் பண்ணும்போது வேறு ஆப்ஷனை டிக் செய்தால் போச்சு. அதனால் முடிவை ரெப்போவுக்குள்ளேயே (மூவரும் பகிரும் கிட் களஞ்சியம்) வையுங்கள்: .கிட்ஆட்ரிபியூட்ஸ் என்று ஒரு ஃபைல், அதில் முதல் வரி '* டெக்ஸ்ட்=ஆட்டோ', அடுத்து '*.எஸ்ஹெச் டெக்ஸ்ட் ஈஓஎல்=எல்எஃப்', விண்டோஸில் ஓடும் .பேட் (bat) ஃபைல்களுக்கு மட்டும் 'ஈஓஎல்=சிஆர்எல்எஃப்' (எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில்). ரசீதில் வரும் லோகோ படத்தை 'பைனரி' என்று குறித்துவிடுங்கள், அதில் கை வைத்தால் படம் கெட்டுவிடும்.

அப்புறம், பழைய ஃபைல்களின் வரி முடிவுகளையும் இந்த விதிப்படி சீராக்க 'கிட் ஆட் --ரீநார்மலைஸ் .' ஓட்டி, தனி கமிட்டாக (கிட்டில் பதியும் ஒரு தொகுப்பு மாற்றம்) போடுங்கள். இதற்கு 2018-இல் வந்த கிட் 2.16 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். அந்தக் கமிட்டில் வேறு எந்தத் திருத்தத்தையும் கலக்க வேண்டாம், யாராவது ஒருவருடைய பிரான்ச் (தனியாக எழுதிவரும் கிளை) மெயினோடு மெர்ஜ் ஆகாமல் நிற்கும்போது செய்யவும் வேண்டாம், ஒன்றோடொன்று மோதும் மாற்றங்களை (கான்ஃப்ளிக்ட்) தீர்த்தே விடிந்துவிடும். சீசன் நேரத்தில் தொடவே தொடாதீர்கள். மற்ற இரண்டு பேரும் பழைய ஃபோல்டரோடு மல்லுக்கட்டாமல் ரெப்போவைப் புதிதாக குளோன் (முழு நகல்) செய்துகொள்வது நல்லது.

இதற்குப் பிறகு, எந்த வரியை யார் கடைசியாக மாற்றினார் என்று காட்டும் 'கிட் பிளேம்' பார்த்தால் பாதி வரிகளில் அந்தக் கமிட் போட்டவர் பெயர்தான் வரும். வெற்றிட மாற்றங்களைக் கண்டுகொள்ளாத '-டபிள்யூ' சேர்த்து ஓட்டினால் உண்மையில் எழுதியவர் பெயர் கிடைத்துவிடும்.