இதுவரை தொடாத மருந்தும் கன்றுக் கழிச்சலுக்குக் கேட்காதது ஏன்?

கேள்வி: பிறந்து பத்து நாளுக்குள் கன்றுகள் கழிகின்றன. முன்பு டெட்ராசைக்ளின் கேட்டது, இப்போது கேட்பதில்லை. இங்கே ஒருமுறைகூடப் போடாத ஸ்ட்ரெப்டோமைசினும் கேட்கவில்லை. எப்படி?

பதில்: நீங்கள் ஸ்ட்ரெப்டோமைசின் போடாவிட்டாலும், அதை எதிர்க்கும் மரபணு தொழுவத்தில் இருக்கலாம். குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையம் இருப்பதுண்டு. டெட்ராசைக்ளின், ஸ்ட்ரெப்டோமைசின், சல்பா மூன்றையும் எதிர்க்கும் மரபணுக்கள் ஒரே வளையத்தில் அமைவது சாதாரணம். டெட்ராசைக்ளின் போட்டபோது அந்த வளையம் உள்ளவை பிழைத்தன. மற்ற எதிர்ப்புகளும் கூடவே நிலைத்துவிட்டன.

அது பரவும் விதம்தான் கவலை தருவது. வளையம் உள்ள பாக்டீரியா பைலஸ் என்ற மெல்லிய இழையை நீட்டி, பக்கத்து பாக்டீரியாவைப் பிடித்து இழுக்கிறது. இரண்டும் ஒட்டியதும் ஒரு நொதி வளையத்தின் ஈரிழையில் ஒன்றை மட்டும் குறித்த இடத்தில் வெட்டுகிறது. வெட்டுண்ட இழை அடுத்த செல்லுக்குள் போக, இரு பக்கமும் துணையிழை உருவாகி இரண்டிலும் முழு வளையம் நிற்கிறது. கொடுத்தது எதையும் இழப்பதில்லை. வாங்கியது இனி மற்றவற்றுக்குக் கொடுக்கும். எல்லாம் சில நிமிட வேலை. 1946இல் லெடர்பெர்க், டேட்டம் இருவரின் ஈ.கோலை ஆய்வில் வெளிப்பட்ட 'இணைவு' இதுதான். நோய் தராத பாக்டீரியாகூட நோய்க்கிருமிக்கு வளையத்தைக் கொடுத்துவிடும். கன்றின் குடல்சுவரில் கிருமி ஒட்ட உதவும் கே99 இழைக்கான மரபணுவும் பிளாஸ்மிட்டில்தான் இருக்கிறது.

அதனால் மூன்றாவது மருந்தை நீங்களாகத் தேடாதீர்கள். ரோட்டா வைரஸ், கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணி காரணமான கழிச்சலுக்கு வழக்கமான ஆன்டிபயாட்டிக் கேட்காது. கன்றைக் கொல்வது பெரும்பாலும் நீரிழப்பு. 40 கிலோ கன்றுக்கு வேளைக்கு 2 லிட்டர் எலக்ட்ரோலைட் கரைசல், நாளுக்கு இரண்டு மூன்று முறை, பால் வேளைகளுக்கு நடுவில் கொடுங்கள். பொட்டலத்தில் சொன்ன தண்ணீரைக் குறைக்காதீர்கள். கரைசல் கெட்டியானால் கழிச்சல் கூடும். பாலை நிறுத்த வேண்டாம். காய்ச்சல், சாணத்தில் ரத்தம், எழ முடியாமை, சப்பாமை இவற்றில் எது கண்டாலும் அன்றே மருத்துவரை அழையுங்கள். மருந்து போடுமுன் குதத்திலிருந்து சாணம் எடுத்து, சுத்தமான குப்பியில் பனிக்கட்டி சூழ வைத்து, எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் மருந்துணர்திறன் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்த ஈற்றில் கன்று விழுந்த இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் தொடங்கி, ஆறு மணி நேரத்துக்குள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குடிக்கட்டும். மடிநோய்க்கு மருந்து ஏறிய மாட்டின் பாலை வீணாகிறதே என்று கன்றுக்கு ஊற்றுவதுதான் பெரிய தவறு. காய்ச்சினால் கிருமி சாகும், மருந்தெச்சம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அந்தச் சிற்றளவே எதிர்ப்பு வளையம் உள்ள கிருமிகளைத் தினமும் வளர்த்துவிடும்.